மார்பகப் புற்றுநோய் மார்க்கர் ஆய்வு: ஃபார்மலின் டப்பா முதல் கேப்ளான்-மையர் வரை

மார்பகப் புற்றுநோயில் ஒரு மார்க்கரை (கட்டியில் அளந்து பார்க்கக்கூடிய புரதம் போன்ற அடையாளம்) எடுத்து, அது நோயின் போக்கை முன்கூட்டியே சொல்கிறதா என்று பார்ப்பது பேத்தாலஜி மேற்படிப்பில் பலரும் கையில் எடுக்கும் தீசிஸ். கோரிமேடு, கதிர்காமம், பிள்ளையார்குப்பம், அண்ணாமலை நகர் எனப் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் எந்தக் கல்லூரியில் இருந்தாலும் வேலை ஒன்றுதான். பேச்சு எப்போதும் ‘எந்த மார்க்கர் எடுக்கலாம்?’ என்றே தொடங்கும். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பிளாக்கில் (திசுவைப் பதித்த மெழுகுத் துண்டு) இருக்கும் திசு, அதற்கு முன் எந்த ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்), எவ்வளவு நேரம் கிடந்தது? அந்த நோயாளி இன்று எப்படி இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா? இந்த இரண்டும் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிபாடியும் (மார்க்கரோடு ஒட்டி அதை நிறத்தால் காட்ட உதவும் புரதம்) வீண்.

இந்த வழிகாட்டி மேற்படிப்பு மாணவர்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் எழுதியது.

எதைத் தேடுகிறோம்

சிகிச்சை எதுவானாலும் நோய் எப்படிப் போகும் என்று சொல்வது முன்கணிப்பு மார்க்கர். இந்த மருந்துக்கு இந்தக் கட்டி மசியுமா என்று சொல்வது வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதும் தீசிஸ்கள் ஏராளம். ஹெர்2 (செல்லின் சவ்வில் இருந்து வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) இதற்கு நல்ல பாடம். 1987-இல் ஸ்லாமனும் கூட்டாளிகளும் 189 கட்டிகளில் ஹெர்2 மரபணு பெருகியிருப்பதைப் பார்த்து, அப்படிப் பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்று காட்டினார்கள். அப்போது அது கெட்ட சேதி சொல்லும் மார்க்கர் மட்டுமே. 1998-இல் ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு, அந்த மருந்து கிடைத்த ஹெர்2 பாசிட்டிவ் நோயாளியும் கிடைக்காத ஹெர்2 பாசிட்டிவ் நோயாளியும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. பழைய பிளாக்குகளை எடுத்து ஆய்வு செய்பவர் யார் யார் டிராஸ்டுசுமாப் வாங்கினார்கள், எத்தனை டோஸ் என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசை போடாவிட்டால், கடைசியில் வரும் கேப்ளான்-மையர் வளைகோடு (காலம் போகப் போக எத்தனை பேர் நிகழ்வு இல்லாமல் மிஞ்சுகிறார்கள் என்று காட்டுவது) மார்க்கரைப் பற்றிப் பேசாது. யாருக்கு மருந்துக்குக் காசு இருந்தது என்பதைத்தான் பேசும். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) மார்க்கருக்கும் டமாக்சிஃபென், லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரைகள் விஷயத்தில் இதே கதைதான்.

மருந்தோடு மார்க்கர் சேர்ந்து வேலை செய்கிறது என்று சொல்லவேண்டுமானால் மருந்து கொடுத்த குழு, கொடுக்காத குழு இரண்டிலும் மார்க்கரைப் பார்த்து இன்டராக்‌ஷன் டெஸ்ட் (மருந்தின் பலன் மார்க்கரைப் பொறுத்து மாறுகிறதா என்ற கணக்கு) போட வேண்டும். அதுவும் ரேண்டமைஸ் செய்த (சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்த) குழுவாக இருந்தால்தான் நம்பலாம். ஒரு கல்லூரியின் பழைய பிளாக்குகளில் அது நடக்காது. ஆகவே தலைப்பில் ‘முன்கணிப்பு’ என்று மட்டும் போடுங்கள்.

மார்க்கர் தேர்வில் எங்கள் யோசனை: கண்காணாத புதுப் புரதத்தின் பின்னால் ஓடாதீர்கள். யூபிஏ, பிஏஐ-1 என்ற இரண்டு புரதங்களுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அவற்றை அளக்க உறைய வைத்த திசுவும் எலைசா என்ற புரத அளவீட்டுச் சோதனையும் வேண்டும், பாரஃபின் பிளாக்கில் அந்தச் சோதனை செல்லாது. ரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3 ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. கையில் பணம் இல்லையென்றால் ஸ்ட்ரோமாவில் (கட்டிச் செல்களைச் சுற்றியுள்ள தாங்கு திசு) இருக்கும் லிம்போசைட்டுகளை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) எண்ணுங்கள். அதற்கு ஆன்டிபாடியே வேண்டாம், வழக்கமான சாயம் ஏற்றிய எச்-அண்ட்-ஈ ஸ்லைடு போதும். 2014-இல் சர்வதேசக் குழு ஒன்று எண்ணும் முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது: ஊடுருவும் கட்டியின் எல்லைக்குள், ஸ்ட்ரோமாவின் பரப்பில் எத்தனை சதவீதத்தை லிம்போசைட்டும் பிளாஸ்மா செல்லும் பிடித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். செத்த திசு, நசுங்கிய இடம், டிசிஐஎஸ் (பால்குழாய்க்குள்ளேயே நிற்கும் புற்றுநோய்) சுற்றிய பகுதி மூன்றும் சேராது. நியூட்ரோஃபில் சேராது. அடர்த்தியாக இருக்கும் ஓரிடத்தை மட்டும் தேடிப்பிடித்து எண்ணுவதும் கூடாது. முழு செக்‌ஷனின் சராசரிதான் கணக்கு. ஈஆர், பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்2 மூன்றும் நெகட்டிவான டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளில் இது அதிகமாக இருப்பவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்குள்ள நோயாளிகளில் அது எப்படி என்று பார்ப்பதே உருப்படியான தீசிஸ்.

எத்தனை பேர் வேண்டும்

‘50 கேஸ் எடுத்துக்கலாம்’ என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு ஃபார்முலா தேடுவது வழக்கம். சர்வைவல் ஆய்வில் கணக்கு நோயாளிகளின் எண்ணிக்கையில் இல்லை. நிகழ்வுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. நிகழ்வு என்றால் நோய் திரும்பியது அல்லது இறப்பு. மார்க்கர் பாசிட்டிவ் பாதிப் பேர், நெகட்டிவ் பாதிப் பேர், ஹேசர்ட் ரேஷியோ (இரு குழுக்களின் ஆபத்து விகிதம்) 2, பவர் (உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 80%, ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) 0.05 என்று வைத்தால் ஷோன்ஃபெல்ட் ஃபார்முலாப்படி 66 நிகழ்வுகள் தேவை. இந்தப் பவருக்கும் ஆல்ஃபாவுக்கும் உரிய 7.84-ஐ, இரு குழுக்களின் பங்குகளைப் பெருக்கி வரும் 0.25-ஆலும், ஹேசர்ட் ரேஷியோவின் இயற்கை மடக்கையை வர்க்கப்படுத்தி வரும் 0.48-ஆலும் வகுத்தால் இது வரும். மார்க்கர் பாசிட்டிவ் 30% பேர்தான் என்றால் 0.25 இருக்குமிடத்தில் 0.21 போடுங்கள், 78 நிகழ்வுகள். ஹேசர்ட் ரேஷியோ 1.5 தான் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் 191.

உங்கள் பிரிவில் ஐந்து வருஷத்தில் நாலில் ஒருவருக்கு நிகழ்வு நடக்கிறது என்று வையுங்கள். 66 நிகழ்வுகளுக்கு 264 பேர். அவர்களிலும் 15% பேர் தொடர்பில் இல்லாமல் போவார்கள் என்றால் ஏறக்குறைய 310 பேரின் பிளாக்குகளோடு தொடங்க வேண்டும். இரண்டு வருஷ தீசிஸில் புது நோயாளிகளைச் சேர்த்து இதை எட்டவே முடியாது. அதனால் ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய பிளாக்குகளை எடுப்பதே வழி. அதுவும் முடியாவிட்டால் சர்வைவலை விட்டுவிட்டு, மார்க்கருக்கும் கிரேடு, கட்டியின் அளவு, அக்குள் நிணநீர்க் கணு ஆகியவற்றுக்கும் உள்ள உறவை மட்டும் பாருங்கள். தலைப்பில் ‘முன்கணிப்பு’ என்ற வார்த்தையையும் எடுத்துவிடுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டிக்கு: மிச்சமிருக்கும் பிளாக்கை, பெயர் நீக்கி, பயன்படுத்துவதற்கு ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகளில் ஒப்புதல் விலக்குக் கேட்க இடமுண்டு. ஆனால் நோயாளியைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கப் போகிறீர்கள் என்றால் அது ‘பெயர் நீக்கிய’ ஆய்வு அல்ல. போனில் ஒப்புதல் கேட்கும் வாசகத்தையும் தமிழிலேயே எழுதி விண்ணப்பத்தோடு கொடுங்கள். இதை விட்டுவிட்டால் கமிட்டி திருப்பி அனுப்பி ஒரு கூட்டத் தேதி போய்விடும்.

ஃபார்மலின்

அறுவை அரங்கில் கட்டியை வெட்டி எடுத்த நிமிடத்திலிருந்து ரத்த ஓட்டம் இல்லை. புரதங்கள் கெடத் தொடங்கிவிட்டன. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போக வேண்டும். போட்ட பிறகு குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றுக்கும் அமெரிக்க வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. தாமதமானால் முதலில் அடிபடுவது பிஆர், செல் பெருக்கத்தைக் காட்டும் கி-67. ஈஆர் குறைவாக இருக்கும் கட்டி பொய்யாக நெகட்டிவ் ஆகிவிடும்.

ஃபார்மலினைக் குழாய்த் தண்ணீரில் ஊற்றிக் கலக்குவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கடலூர்க் கரையோரத் தண்ணீரில் உப்பு வேறு. பஃபர் இல்லாத ஃபார்மலின் நாளாக நாளாக ஃபார்மிக் அமிலமாகும். திசுவில் கறுப்பு நிறமி படியும், சாயம் குறையும். ஒரு லிட்டர் செய்யும் முறை இது: வாங்கும் 37–40% ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். உப்பு இரண்டையும் தண்ணீரில் முழுதாகக் கரைத்த பிறகு ஃபார்மால்டிஹைடைச் சேருங்கள். பி.எச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

திசுவின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். முழு மார்பகம் வந்தால் இது பெரிய பக்கெட். பல நேரம் மாஸ்டெக்டமியை இரண்டு லிட்டர் டப்பாவில் திணித்து, மேலே ஒரு டம்ளர் அளவு ஃபார்மலின் ஊற்றி அனுப்புகிறார்கள். ஃபார்மலின் ஆரம்பத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், பிறகு அதைவிட மெதுவாக. கொழுப்பு மூடிய கட்டிக்கு அது போய்ச் சேர்வதற்குள் நடுவில் உள்ளது கூழாகிவிடும். அதனால் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: மார்பகம் வந்ததும் பின்பக்கத்திலிருந்து, ஆழ மார்ஜினுக்கு (வெட்டிய ஓரம்) மை தடவி, 5–10 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டி வரை கீறி, ஒவ்வொரு கீறலுக்குள்ளும் காஸ் துணி ஒன்றை வைத்துவிட வேண்டும். சர்ஜனுக்கு இது பிடிக்காது. மார்ஜின் குழம்பும் என்பார். மை தடவும் முறையைத் தியேட்டர் நர்ஸ் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் பிரச்சினை தீரும்.

டப்பா லேபிளில் இரண்டு நேரம் எழுதச் சொல்லுங்கள்: வெட்டி எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். பேனா மையில் எழுதினால் ஃபார்மலின் சொட்டி அழியும், பென்சில் போதும்.

கடலூரில் ஆபரேஷன், புதுச்சேரியில் லேப் என்றால் இன்னொரு சிக்கல், விடுமுறைப் பட்டியல். ஆகஸ்ட் 16-உம் நவம்பர் 1-உம் புதுச்சேரியில் விடுமுறை. கடலூரில் வேலை நாள். ஆகஸ்ட் 14 வியாழனாக விழும் வருஷத்தில் அன்று மாலை கடலூரில் எடுத்த மார்பகம், 15 வெள்ளி, 16 சனி, 17 ஞாயிறு மூன்றையும் டப்பாவிலேயே கழித்துத் திங்கள் காலைதான் கிராஸிங் (திசுவைப் பார்த்துத் துண்டு எடுக்கும்) மேஜைக்கு வரும். 72 மணி நேரம் தாண்டிவிட்டது. பொங்கல் தொடர் விடுமுறையிலும் இதேதான். விடுமுறைக்கு முந்தைய நாள் வரும் கேஸ்களுக்குக் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் அன்றே கேசட்டில் வைத்து, நேரம் முடிந்ததும் பணியில் இருக்கும் டெக்னீஷியனைக் கொண்டு 70% ஆல்கஹாலுக்கு மாற்றிவிடச் சொல்லலாம். பழைய பிளாக்குகளில் இந்த நேரமெல்லாம் தெரியாது. ரிஜிஸ்டரில் ஆபரேஷன் தேதிக்கும் கிராஸிங் தேதிக்கும் இடையே நாலு நாளோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் கேஸை விலக்குங்கள். எத்தனை விலக்கினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த பிளாக்

ஒரு கேஸில் ஏழெட்டு பிளாக் இருக்கும். ஊடுருவும் கட்டி நிறையவும், அதன் ஓரத்தில் நோயில்லாத பால்குழாய்கள் கொஞ்சமும் இருக்கும் பிளாக்கை எடுங்கள். அந்தக் குழாய்கள்தான் உள்ளேயே இருக்கும் கன்ட்ரோல் (சாயம் சரியா என்று ஒப்பிடும் திசு). சாதாரணக் குழாயின் சில செல்களில்கூட ஈஆர் நிறம் ஏறவில்லை என்றால் கட்டி நெகட்டிவ் என்று எழுதக் கூடாது; திரும்பச் செய்ய வேண்டும்.

கீமோவுக்குப் பிறகு எடுத்த மார்பகத்தையும் கீமோவே வாங்காத மார்பகத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மருந்து கி-67-ஐ இறக்கிவிடும், லிம்போசைட்டையும் மாற்றிவிடும். முதலில் கீமோ வாங்கியவர்களுக்கு அதற்கு முன் எடுத்த கோர் பயாப்ஸியை (ஊசியால் எடுத்த சிறு திசு) எடுங்கள். எலும்புக்குப் பரவிய இடத்துத் திசு அமிலத்தில் கால்சியம் நீக்கியதாக இருந்தால் விலக்குங்கள். இனிமேல் வருபவற்றுக்கு அமிலத்துக்குப் பதில் இடிடிஏ பயன்படுத்தச் சொல்லுங்கள்.

முந்நூறு கேஸுக்கு முழு செக்‌ஷன் போட்டால் ஆன்டிபாடி செலவு தாங்காது. டிஷ்யூ மைக்ரோஅரே இருந்தால் ஒவ்வொரு கட்டியிலிருந்தும் 0.6 அல்லது 1 மில்லிமீட்டர் உருளை இரண்டு மூன்று எடுத்து ஒரே பிளாக்கில் அடுக்கலாம். ஒன்று உதிர்ந்துபோகும், ஒன்றில் கட்டியே இருக்காது. அதனால் ஒன்று மட்டும் எடுப்பது முட்டாள்தனம். கி-67 போல் இடத்துக்கு இடம் மாறும் மார்க்கருக்கு மைக்ரோஅரே அவ்வளவு பொருந்தாது.

சாயம் போடும் முறை

3–4 மைக்ரான் தடிமனில் வெட்டி, சார்ஜ் ஏற்றிய அல்லது பாலி-எல்-லைசின் பூசிய ஸ்லைடில் எடுங்கள். கூடவே கன்ட்ரோல் திசுவும் அதே ஸ்லைடில் இருந்தால் மிக நல்லது. 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடவிடுங்கள். வெட்டிய ஸ்லைடு ஆறு வாரத்துக்குள் சாயம் ஏற வேண்டும். அதைவிடப் பழைய ஸ்லைடில் நிறம் மங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் திறந்து வைத்த ஸ்லைடு இன்னும் சீக்கிரம் கெடும், அதனால் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். முந்நூறையும் ஒரே நாளில் வெட்டி அடுக்கிவிட்டு மாசக்கணக்கில் சாயம் போடுவதைவிட, ஒவ்வொரு தொகுதிக்கும் அந்த வாரமே வெட்டுவது சரி.

பிறகு சைலீன் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 5 முதல் 10 நிமிடம். ஆல்கஹால் 100, 90, 70. டிஸ்டில்டு வாட்டர்.

ஆன்டிஜென் ரிட்ரீவலில்தான் (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூட்டால் வெளிக்கொணர்வது) லேபுக்கு லேப் மாறுகிறது. சிட்ரேட் பஃபர் என்றால் ஒரு லிட்டருக்கு டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.94 கிராம், பி.எச். 6.0. டிரிஸ்-இடிடிஏ என்றால் டிரிஸ் 1.21 கிராம், இடிடிஏ 0.37 கிராம், பி.எச். 9.0. ஈஆருக்கு இப்போது வரும் குளோன்களில் (ஆன்டிபாடி வகைகள்) பலவும் 9.0-இல்தான் நன்றாக எடுக்கின்றன. ஆன்டிபாடி பெட்டியில் இருக்கும் தாளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரஷர் குக்கரில் பஃபர் கொதித்த பிறகு ஸ்லைடு ரேக்கை இறக்கி, முழு அழுத்தம் வந்ததிலிருந்து 2–3 நிமிடம். அணைத்து, அழுத்தம் இறங்கியதும் அதே பஃபரில் 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூடாக எடுத்துக் குழாயடியில் பிடித்தால் திசு உரிந்து போகும். மைக்ரோவேவில் செய்பவர்களுக்குக் கரன்ட் போனால் அந்தத் தொகுதியே கணக்கில் சேராது. பாதியில் நின்றதைத் தொடர்ந்து ஓட்டி ஒப்பேற்றாதீர்கள், புதிதாக வெட்டுங்கள்.

ஸ்லைடு ஆறியதும் வரிசை இப்படிப் போகும்: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம், டிபிஎஸ் பஃபரில் கழுவல், புரோட்டீன் பிளாக், முதன்மை ஆன்டிபாடி, ஈரப்பெட்டியில், அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம், மூன்று கழுவல், எச்ஆர்பி பாலிமர் (நிறத்தை உண்டாக்கும் நொதி) 30 நிமிடம், மறுபடி மூன்று கழுவல், டிஏபி (பழுப்பு நிறம் தருவது) 5 முதல் 10 நிமிடம், ஹெமடாக்சிலின் அரை நிமிடம், நீலம் ஏற்றி, நீர் நீக்கி, டிபிஎக்ஸ் பசையால் மூடல். கழுவும் பஃபர் பி.எச். 7.4 முதல் 7.6. ‘அறை வெப்பம்’ என்று தாளில் அச்சடித்திருப்பது ஏசி அறை. மே மாதம் ஏசி ஓடாத அறையில் 36 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் ஓரமெல்லாம் காய்ந்து, ஓரத்தில் மட்டும் அழுத்தமான பழுப்பு நிறம் வரும். அதைப் பாசிட்டிவ் என்று எண்ணிவிடுவார்கள்.

கெட்டுப்போனதைப் பார்த்ததும் காரணத்தைக் கண்டுபிடிக்க இவை உதவும். ஸ்லைடு முழுவதும் மங்கலான பழுப்பு என்றால் கழுவல் போதவில்லை, அல்லது ஆன்டிபாடி கெட்டியாக இருக்கிறது. சிவப்பணுக்கள் மட்டும் பழுப்பு என்றால் பெராக்சைடு பழசு. திறந்து நாளான பாட்டிலில் வீரியம் இருக்காது. கன்ட்ரோலில் நிறம் இருக்கிறது, கட்டியிலும் அருகிலுள்ள குழாயிலும் இல்லை என்றால் அந்த பிளாக்கின் ஃபார்மலின் கோளாறு. மறுபடி சாயம் போட்டாலும் வராது. கன்ட்ரோலிலும் இல்லை என்றால் உங்கள் கோளாறு. துண்டின் வெளிவட்டத்தில் நிறம், நடுவில் வெறுமை என்றால் ஃபார்மலின் உள்ளே போகவேயில்லை.

ஒவ்வொரு தொகுதிக்கும் குளோன், கம்பெனி, லாட் நம்பர், நீர்த்த அளவு, தேதி, செய்தவர் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். பாதி வழியில் லாட் மாறினால் பழைய லாட்டில் செய்த பத்துப் பன்னிரண்டு கேஸைப் புது லாட்டிலும் செய்து ஒப்பிடுங்கள்.

எண்ணுவது

இரண்டு பேர், தனித்தனியாக, நோயாளியின் கதி தெரியாமல் பார்க்க வேண்டும். ஸ்லைடில் பயாப்ஸி நம்பர் தெரிந்தாலே ஞாபகம் வந்துவிடும், அதனால் மேலே ஆய்வு நம்பரை ஒட்டுங்கள்.

ஈஆர், பிஆர்: நியூக்ளியஸில் மட்டும். 1% செல்லிலாவது நிறம் இருந்தால் பாசிட்டிவ். ஈஆர் 1 முதல் 10% வரை என்றால் ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிக்கச் சொல்கிறது 2020 வழிகாட்டுதல். ஆல்ரெட் மதிப்பெண் போடுவதானால் பரப்புக்கு 0 முதல் 5, அடர்த்திக்கு 0 முதல் 3. கூட்டினால் 0 அல்லது 2 முதல் 8. கூட்டுத்தொகை 1 வரவே வராது. எக்ஸெல்லில் எங்காவது 1 இருந்தால் அது தட்டச்சுப் பிழை.

ஹெர்2: செல்லின் சுற்றுச்சவ்வு மட்டும். 10%-க்கு மேல் செல்களில் முழுவட்டமாக, அடர்த்தியாக இருந்தால் 3+. முழுவட்டம், ஆனால் மங்கல் முதல் நடுத்தரம், 10%-க்கு மேல் என்றால் 2+. இதற்கு இன்-சைட்டு ஹைப்ரிடைசேஷன் (மரபணு நகல்களை எண்ணும் சோதனை) செய்தே ஆக வேண்டும், ஹெர்2-க்கும் 17-ஆம் குரோமோசோமுக்கும் உள்ள ரேஷியோ 2-உம் ஹெர்2-இன் சராசரி நகல் 4-உம் தொட்டால் பாசிட்டிவ். மங்கிய, முழுமையில்லாத கோடு 10%-க்கு மேல் என்றால் 1+. முன்பெல்லாம் 0-வுக்கும் 1+-க்கும் யாரும் மெனக்கெடவில்லை. 2022-இல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன் ஹெர்2 குறைவான (1+, அல்லது மரபணு பெருகாத 2+) நோயாளிகளிலும் பலன் தந்தது தெரிந்த பிறகு, பழைய ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருப்பதை அப்படியே எடுக்க முடியாது. ஸ்லைடை மறுபடி பாருங்கள்.

கி-67-இல்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள். 2011-இல் செயின்ட் காலன் நிபுணர் கூட்டம் எல்லை 14% என்றது, 2013-இல் 20% பக்கம் போனது. சர்வதேச கி-67 குழு 2021-இல் வெளியிட்ட பரிந்துரையில், ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், சிறிய கட்டிகளில் 5% அல்லது அதற்குக் கீழே, 30% அல்லது அதற்கு மேலே என்ற இரு முனைகளை மட்டுமே நம்பலாம் என்றது. நடுவில் இருப்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைந்தது 500 செல், முடிந்தால் 1000. நிறம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நியூக்ளியஸில் இருந்தால் பாசிட்டிவ். கண்ணால் குத்துமதிப்பாக ‘20% இருக்கும்’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். போட்டோ எடுத்து, திரையில் ஒவ்வொரு செல்லாகக் குறியிட்டு எண்ணுங்கள். லிம்போசைட்டும் கி-67 பாசிட்டிவ் ஆகும். கட்டிச் செல்லோடு சேர்த்து எண்ணிவிட்டால் சதவீதம் தூக்கிக்கொண்டு போகும்.

இரண்டு பேரின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்பதை, வகைப் பிரிவாக இருந்தால் காப்பா, எண்ணாக இருந்தால் ஐசிசி என்று கணக்கிட்டுத் தீசிஸில் போடுங்கள். ஒத்துப்போகாததை இருவரும் இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து தீர்க்கலாம்.

நோயாளியைத் தேடுவது

பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், திண்டிவனம் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். கேஸ் ஷீட்டில் இருப்பது அப்போதைய கணவரின் நம்பர். இப்போது அது வேறு யாரிடமோ இருக்கும். இனி சேர்க்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று நம்பர் வாங்குங்கள்: அவருடையது, மகன் அல்லது மகளுடையது, ஊரில் நிலையாக இருக்கும் ஒரு உறவினருடையது. மூன்றையும் அங்கேயே அடித்துப் பாருங்கள்.

பழையவர்களுக்குப் போன் செய்யும்போது எடுப்பவர் யார் என்று தெரியாது. ‘புற்றுநோய்’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. மருமகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் சிகிச்சை எடுத்தவர்கள் உண்டு. ‘வணக்கம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம். செல்வி அம்மாகிட்ட பேசலாமா? முன்னாடி நம்மகிட்ட வந்தவங்க, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கத்தான்’ என்பது போதும். பெயர் எதுவானாலும் வாசகம் இதுதான். ‘அம்மா தவறிட்டாங்க’ என்று பதில் வந்தால் உடனே தேதி கேட்காதீர்கள். வருத்தம் சொல்லி, இன்னொரு நாள் கூப்பிடலாமா என்று கேளுங்கள். அப்போது இறந்த மாதம், எதனால் என்று டாக்டர் சொன்னார், கடைசியில் எந்த ஆஸ்பத்திரி என்ற மூன்றையும் வாங்குங்கள். பிறந்தநாள்கூட நினைவில்லாதவர்கள் கருமாதி நடந்த நாளைச் சரியாகச் சொல்வார்கள். இறப்புச் சான்றிதழ் இருந்தால் அதிலுள்ள தேதியை எடுங்கள்.

மாதச் செக்கப்புக்கு வரும் நோயாளிகளின் கதி மட்டும் தெரிந்து, வராதவர்கள் ‘நலமாக இருக்கிறார்கள்’ என்று வைத்துக்கொண்டு எழுதினால் முடிவு தலைகீழாகும். வராதவர்களில் இறந்தவர்கள் அதிகம். தொடர்பு இல்லாதவரைக் கடைசியாகப் பார்த்த தேதியோடு சென்சார் செய்யுங்கள் (அவர் கணக்கை அத்தோடு நிறுத்துங்கள்). இன்றைய தேதியோடு அல்ல.

காலமும் முக்கியம். ஈஆர் நெகட்டிவ் கட்டி திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்தில். ஈஆர் பாசிட்டிவ் அப்படியில்லை: 2017-இல் வெளியான 62,923 பெண்களின் கணக்கில், ஐந்து வருஷ ஹார்மோன் மாத்திரை முடித்த பிறகும் இருபதாம் வருஷம் வரை திரும்பிக்கொண்டே இருந்தது. மூன்று வருஷ ஃபாலோ-அப்பை வைத்து ஈஆர் பாசிட்டிவ் கட்டியில் உங்கள் மார்க்கருக்கு வேலையில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

எக்ஸெல், பிறகு கணக்கு

ஒரு நோயாளி, ஒரு வரி. தேதிகள் எல்லாம் நாள்-மாதம்-வருஷம் என்று ஒரே வடிவில். லேப்டாப் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05-08 என்பதை மே 8 ஆக்கிவிடும். இதனால் ஆபரேஷனுக்கு முன்பே இறந்த நோயாளிகள் பட்டியலில் வருவார்கள். முதல் சோதனை அதுதான்: ஒவ்வொருவருக்கும் சர்வைவல் நாள் பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறதா?

கட்டியின் அளவு சென்டிமீட்டரில், பாசிட்டிவ் கணுக்கள், மொத்தக் கணுக்கள், நாட்டிங்காம் கிரேடு, எல்லாம் எண்ணாகவே இருக்கட்டும். நாட்டிங்காம் முன்கணிப்பு எண்ணை எல்லாருக்கும் போட்டு வையுங்கள்: அளவை 0.2-ஆல் பெருக்கி, கணு மதிப்பையும் கிரேடையும் கூட்ட வேண்டும். 2.5 செ.மீ. கட்டி, இரண்டு கணு பாசிட்டிவ், கிரேடு 3 என்றால் 0.5 + 2 + 3 = 5.5. கணு மதிப்பு ஒன்றுமில்லை என்றால் 1, ஒன்றிலிருந்து மூன்று வரை 2, நாலும் அதற்கு மேலும் 3. 3.4 வரை நல்ல குழு, 5.4-க்கு மேல் மோசமான குழு. உங்கள் புது மார்க்கர் இந்த எண்ணுக்கு மேலே ஏதாவது புதிதாகச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. கிரேடு 3-இல் எல்லாம் அதிகம், கிரேடு 1-இல் எல்லாம் குறைவு என்று மட்டும் காட்டும் மார்க்கருக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை, கிரேடே இலவசம்.

கட்-ஆஃப்பை (பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் எல்லை) ஸ்லைடு பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். 5%, 10%, 15% என்று ஒவ்வொன்றாகப் போட்டு, எதில் பி-மதிப்பு சிறியதோ அதை எடுத்துக்கொள்வது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் ஒன்றுமில்லாத மார்க்கரும் ‘முக்கியம்’ என்று வரும் வாய்ப்பு 5%-லிருந்து 40% வரை ஏறும் என்று புள்ளியியலாளர் ஆல்ட்மன் 1994-லேயே காட்டிவிட்டார். முன்பே தெரிந்த கட்-ஆஃப் இல்லையென்றால் மீடியனில் பிரியுங்கள்; அல்லது மார்க்கரைப் பிரிக்காமல் எண்ணாகவே காக்ஸ் மாடலில் (பல காரணிகளை ஒன்றாக வைத்து ஆபத்தைக் கணக்கிடும் முறை) வையுங்கள்.

கேப்ளான்-மையர் வளைகோட்டுக்குக் கீழே ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் மிச்சம் என்ற எண்கள் இருக்க வேண்டும். வலது ஓரத்தில் ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும்போது ஒருவர் இறந்தால் கோடு சடாரென்று விழும்; அதைப் பார்த்துப் பெரிய முடிவு எடுக்காதீர்கள். காக்ஸில் ஒரு மாறிக்குக் குறைந்தது பத்து நிகழ்வுகள். 66 நிகழ்வுகள் இருந்தால் ஆறு மாறிகளோடு நிறுத்துங்கள். வயது, அளவு, கணு, கிரேடு, ஈஆர், உங்கள் மார்க்கர். அதுவே ஆறு.

எழுதும்போது, மார்க்கர் ஆய்வில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் ரிமார்க் என்ற பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். 2005-இல் வந்தது, 20 அம்சங்கள். அதில் பெரும்பாலானவர்கள் விடுவது, உதாரணமாகத் தொடங்கிய 310 பேர் எப்படி 228 ஆனார்கள் என்ற கணக்கு. பிளாக் கிடைக்காதவர்கள், ஃபார்மலின் கெட்டவர்கள், கீமோவுக்குப் பின் எடுத்தவர்கள், தொடர்பு அறுந்தவர்கள் என்று ஒரு படத்தில் போடுங்கள். மார்க்கர் பலன் தரவில்லை என்றால் அதையும் ஹேசர்ட் ரேஷியோ, 95% இடைவெளியோடு அப்படியே எழுதுங்கள்.

எடுத்த பிளாக்கைத் திருப்பி வைக்கும்போது ஒரு விஷயம். செக்‌ஷன் வெட்டி வெட்டித் திசுவே தீர்ந்த பிளாக்கை அலமாரியில் வைக்காதீர்கள். நோய் திரும்பினால் அதே பிளாக்கில் மறுபடி ஹெர்2 பார்க்க வேண்டி வரும். சென்னை அடையாறுக்கோ வேலூருக்கோ எடுத்துப்போக வீட்டார் வந்து கேட்பார்கள். கட்டி குறைவாக இருக்கும் கோர் பயாப்ஸியை ஆய்வுக்கே எடுக்காமல் இருப்பது நல்லது. பிளாக் ரிஜிஸ்டரில் எடுத்த தேதி, வெட்டிய செக்‌ஷன்களின் எண்ணிக்கை, திருப்பிய தேதி மூன்றும் ஏற வேண்டும். அலமாரியின் கடைசித் தட்டு தரையிலிருந்து ஒரு அடியாவது மேலே இருக்கட்டும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரித் தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.